முகர்ந்த மாலை

கடலே இல்லாத ஓர் ஊருக்குக் கடலைப் பற்றிய காகிதக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு போய் இறங்கினேன். மே மாதத்து முற்பகல். பேருந்தின் மேற்கூரையிலிருந்து என் பெட்டியை இறக்கிய ஆள் அதன் கனத்தைக் கையால் நிறுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னய்யா, அம்மிக்கல்லா?" என்றார். காகிதம் என்றேன். "காகிதமா? அப்ப நீங்க சிவகாசிக்குல்லா போகணும்!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டைக்குத் தாவினார்.

ராஜபாளையத்துக்கு நான் மாப்பிள்ளை. என் மனைவி குமுதவல்லி பிறந்த ஊர் அது. நாகப்பட்டினத்தில் அலைச் சத்தத்தோடு வளர்ந்த நானும், மணமாகும்வரை கடலையே பார்த்திராத அவளும் வாழ்நாளில் பாதிக்கு மேல் மயாமியில் கடலைக் கணக்கிட்டுப் பிழைத்தோம். அவளுடைய முதலாண்டுத் திதியை முடித்துவிட்டுத்தான் இந்தப் பயணத்துக்குப் புறப்பட்டேன். பெட்டியில் அந்தக் காகிதக் கட்டு. அதைத் தவிர அவள் வைத்துவிட்டுப் போன வேண்டுதல் ஒன்றும் என்னிடம் இருந்தது.

நிலையத்தில் அவளுடைய தம்பி சீனிவாசன் ஸ்கூட்டருடன் நின்றிருந்தான். மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் தறிகள் சில வைத்திருக்கிறான். "வாங்கத்தான்" என்றவன் பெட்டியை வாங்கிக் காலிடுக்கில் வைத்துக்கொண்டான். அக்காவும் தம்பியும் முகத்தில் ஒரே வார்ப்பு. நான் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டது ஒருவகையில் வசதியாகப் போயிற்று.

மயாமியில் ஒரு வண்டி ஒலியெழுப்பினால் அது சண்டைக்கான அழைப்பு. இங்கே அது நலம் விசாரிப்பு. சீனி மூன்று தெருக்களைக் கடப்பதற்குள் பதினைந்து பேரையாவது ஒலியெழுப்பி விசாரித்தான். அவர்களும் ஆளுக்கொரு கேள்வியை எங்கள் பின்னால் எறிந்தார்கள். "அமெரிக்கா அத்தானா?" என்று ஒருவர். "பேரு வச்சாச்சா?" என்று இன்னொருவர். எதற்குப் பெயர் என்று எனக்கு விளங்கவில்லை. வீடு சேர்ந்ததும் விளங்கியது.

அமெரிக்காவில் தன் அக்காவின் பெயரைப் புயலுக்குச் சூட்டப் போகிறார்கள் என்று சீனி ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

"புயலுக்கு இல்லை சீனி. புயலைக் கணிக்கிற கணக்குக்கு" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதானத்தான். எங்கக்கா பேரு அங்க நிக்கும்ல?"

அவனுடைய மனைவி ராஜேஸ்வரி மாம்பழம் நறுக்கிக் கொண்டுவந்தாள். இவ்வூர்ச் சப்பட்டை மாம்பழம் பார்வைக்கு யாரோ மேலே உட்கார்ந்து எழுந்ததுபோல் இருக்கும். வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும். "அங்கயெல்லாம் மாம்பழம் கெடைக்குமாண்ணே?" என்று கேட்டாள். கிடைக்கும், பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும் என்றேன். அவள் புரிந்துகொண்டு இன்னொன்றை நறுக்கினாள்.

மறுநாள் தறிச் சத்தத்தில் கண்விழித்தேன். தறிகள் இருப்பது வீட்டின் பின்கட்டில். காற்றுப் புகும் அளவுக்கு இழைவிட்ட மெல்லிய வெள்ளைத் துணி சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. உலகின் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் குமுதா அங்குள்ள கட்டுத்துணியை விரலால் நீவிப் பார்ப்பாள். கடைசியாகப் படுத்திருந்தபோதும் தன் கையில் சுற்றியிருந்ததை நீவினாள். "நம்ம ஊருத் துணி இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த ஆராய்ச்சியை முடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். மதிலுக்கு அப்பால் மாமியாரும் மருமகளும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குத் தெலுங்கு வராது என்பது அவர்கள் நம்பிக்கை. குமுதாவின் புண்ணியத்தில் கொஞ்சம் வரும். "பாவம், பெரிய படிப்பு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார்" என்றாள் மாமியார். "சொல்ல ஆளில்லையே" என்றாள் மருமகள். உள்ளே போய்ச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று முழுவதும் மேசை முன் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத முயன்றேன். அந்தப் பக்கம் எதற்கு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சூறாவளி சூடான கடல்நீரில் உயிர் வாழ்கிறது. ஆனால் அது போகும் வழியெல்லாம் கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடுகிறது. சூடான அடுக்கு மெல்லியதாக இருந்தால் தான் கலக்கிய குளிரிலேயே புயல் சோர்ந்துவிடும். ஆழமாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் சூடுதான் மேலே வரும், புயல் வலுத்துக்கொண்டே போகும். மேற்பரப்பை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது. ஆகவே புயலைக் கணிக்கும் கணினியோடு கடலைக் கணிக்கும் ஒரு கணக்கு மாதிரியையும் இணைக்க வேண்டும் என்று அந்த ஆண்டுகளில் பலரும் முயன்றுகொண்டிருந்தார்கள்.

இதையே குமுதா மாணவர்களுக்குத் தன் ஊர்க் கண்மாயை வைத்து விளக்குவாள். பிற்பகல் கண்மாயில் இடுப்புவரை வெந்நீர், காலடியில் சில்லென்ற நீர். எருமை இறங்கிப் புரண்டால் அடித்தண்ணீர் மேலே வரும். எருமைக்குக் குளிர்ந்தால் அது கரையேறிவிடும். அமெரிக்க மாணவர்கள் எருமையையும் கண்மாயையும் அப்படியே குறித்துக்கொள்வார்கள்.

மூன்று குழுக்கள் மூன்று மாதிரிகளை எழுதியிருந்தன. அவற்றுள் ஒன்று குமுதாவினுடையது. எழுதத் தொடங்கிய காலத்தில் அது கணினியில் கொஞ்ச நேரம் ஓடும். நடுவழியில் எண்கள் எல்லை மீறிப் பெருகி வெடித்து நின்றுவிடும். "ஒரே ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓடிருச்சுன்னா நம்ம ஊரு வீட்டுத் தோட்டத்துப் பூவுல ஆண்டாளுக்கு மாலை" என்று ஒருநாள் வேண்டிக்கொண்டாள். ஓடிவிட்டது. ஊருக்கு வருவதற்குள் அவள் நோயில் விழுந்தாள்.

மூன்று மாதிரிகளையும் மதிப்பிட அங்கே ஒரு குழு அமைத்தார்கள். கணவன் என்பதால் நான் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டேன். குழுவின் தலைவர் என் நெடுநாள் நண்பர். முடிவு தெரிந்ததும் அறிக்கையின் படியை எனக்கு அனுப்பினார். குமுதாவின் மாதிரியே முதலாவது. அதை வரும் புயல் பருவத்திலேயே பயன்படுத்தவும், அவள் பெயராலேயே வழங்கவும் விரும்புகிறார்கள். முகப்பில் அவளைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஜூன் பிறந்தால் பருவம் தொடங்கிவிடும். அதற்குமுன் ராஜபாளையத்திலிருந்து அதைத் தொலைநகலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

எழுத வரவில்லை. எழுதுவதற்குப் பதிலாக, பெட்டியில் கொண்டுவந்த அந்த அறிக்கையின் அட்டவணைகளைப் படித்தேன். முன்பு வந்த ஒரு சூறாவளிக்கு முன்னதாக விமானம் ஒன்று பறந்து போய், வெப்பம் அளக்கும் கருவிகளைக் கடலில் வரிசையாகப் போட்டுவிட்டு வந்திருந்தது. அந்த அளவுகளோடும் புயலுக்குப் பின் எடுத்தவற்றோடும் மூன்று மாதிரிகளையும் ஒப்பிட்டிருந்தார்கள். குமுதாவின் கடல் அளந்த கடலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மற்ற இரண்டும் விலகி விலகி நடந்தன. ஒரு பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைத் தகப்பன் பார்ப்பதுபோல் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாலையில் கடைத்தெருவில் காதர் பாயின் தொலைபேசி நிலையத்துக்குப் போய்த் தொலைநகல் வசதி உண்டா என்று விசாரித்தேன். கருவி பூப்போட்ட உறைக்குள் பத்திரமாக இருந்தது. "அமெரிக்காவுக்கெல்லாம் சும்மா பறக்கும் சார். போன வாரம் துபாய்க்கு ஒரு கல்யாணப் பத்திரிகையே அனுப்புனேன்" என்றார் அவர். "அக்கா பேரு வைக்கிற விஷயந்தான? சீனி சொன்னான். வரட்டும், மொத ஆளா நாந்தான் படிப்பேன்."

மூன்றாம் நாள் மாலைக்கான நாள். விடியலிலேயே ராஜேஸ்வரி தோட்டத்தில் பறித்த சம்பங்கியையும் செவ்வந்தியையும் துளசியோடு சேர்த்துக் கட்டிமுடித்திருந்தாள். மாலையை வாழையிலையில் பொதிந்து பனையோலைக் கூடையில் வைத்தாள். நாங்கள் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்தில் ஏறினோம். கூடை என் மடியில். ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவுகூடப் போகவில்லை, அடியில் பெரும் சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து புளியமரத்தடியில் நின்றது.

"எல்லாரும் எறங்குங்க. பஞ்சரு. செத்த நேரந்தான்" என்றார் நடத்துநர்.

"போன வாரமும் செத்த நேரம்னுதான் சொன்ன" என்றார் சேத்தூர்க்காரர் ஒருவர். தோளில் துண்டு, கையில் கால் கட்டிய சேவல். "நா போயிச் சேருறதுக்குள்ள அங்க நிச்சயதார்த்தமே முடிஞ்சி, பந்தியும் முடிஞ்சிட்டு."

"பந்தி முடிஞ்சதுதான ஒமக்கு வருத்தம்?" என்றார் நடத்துநர். மரத்தடி முழுதும் சிரித்தது.

மயாமியில் பேருந்து பழுதானால் பயணிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கால்மணி நேரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதுவரை தெரிந்துவிட்டது. வெயில் ஏறியது. பூ வாடிவிடும் என்று ராஜேஸ்வரி சாலைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். வாடிவிட்டதா என்று பார்ப்பதற்காக நான் இலையை விலக்கினேன்.

மயாமியில் சம்பங்கி கிடைத்ததில்லை. துளசியை மட்டும் குமுதா சன்னலோரத் தொட்டியில் வளர்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் காப்பிக் கோப்பையை நீட்டும்போது விரல்களில் அந்த மணம் இருக்கும்.

நான் குனிந்தேன்.

"அய்யய்யோ! அண்ணே! மோந்துட்டியளா?"

ராஜேஸ்வரி செம்புடன் நின்றிருந்தாள். மரத்தடியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தேங்காய்க் கூடை வைத்திருந்த அம்மாள், "சாமிக்குக் கொண்டு போற பூவ மோக்கலாமாய்யா? பாத்தாப் படிச்சவியளாட்டம் இருக்கிய" என்றார். நான் கூடையை மூடினேன்.

சீனி எனக்குத் துணைக்கு வந்தான். "ஏட்டி, சும்மா இரு. மூக்கு பட்டாப் பூ தேஞ்சா போயிரும்? கோயில்ல யாருக்குத் தெரியப் போவுது?"

"கோயில்ல தெரியாட்டி? எனக்குத் தெரியும்ல. அண்ணனுக்குத் தெரியும். நீங்களும் பாத்திய."

"நான் பாக்கல."

"அப்ப இம்புட்டு நேரம் எதுக்கு வக்காலத்து?"

சேத்தூர்க்காரருக்கு வழக்கு பிடித்துவிட்டது. சேவலைக் கைமாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "இந்தா தாயி, நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. ஆண்டாளே மாலைய மொதல்ல தான் சூடிப் பாத்துட்டுத்தான பெருமாளுக்குக் குடுத்தா? அந்த ஊருக்கே போறிய. அங்க இது செல்லாதா?"

பலரும் தலையசைத்தார்கள். எனக்கும் அந்த வாதம் பலமானதாகவே பட்டது. ராஜேஸ்வரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அது அவளுக்குச் செல்லும். கட்டிக்கப் போறவ சூடுனா அவருக்குப் பிரியம். நமக்கும் அவருக்கும் அப்படியா? நாம குடுக்கறது யாரும் தொடாம, மோக்காமத்தான் போகணும். இதப் புதுசுன்னு சொல்லிக் குடுத்தா அது பொய்யில்லா?"

"இனிமே என்னட்டி செய்யச் சொல்லுத?"

"வீட்டுக்குப் போவோம். நாளைக்கி வேற கட்டுதேன்."

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறினோம். சரியாக அப்போதுதான் எங்கள் பழைய வண்டிக்குச் சக்கரம் மாட்டி முடிந்தது. அது எங்களைக் கடக்கும்போது நடத்துநர் படியில் தொங்கியபடி கத்தினார்: "அய்யா, லேட்டாவும்னு ஆண்டாள்கிட்ட நா சொல்லிருதேன்!"

திரும்பும் வழியில் கூடை என் மடியில் இல்லை. ராஜேஸ்வரி வாங்கி வைத்துக்கொண்டாள். நான் சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாததுதான் செல்லும் என்று அவள் சொன்னது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு காலைநேரம் நினைவுக்கு வந்தது. மயாமியில் எங்கள் சமையலறை. குமுதா தோசைக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, மிகுந்த மகிழ்ச்சியோடு சொன்னாள்: "விமானம் போட்ட அளவெல்லாம் வந்துருச்சு. ராத்திரியே உள்ள குடுத்துட்டேன். இனிமே என் கடல் நெசக் கடல்லருந்தே கெளம்பும்."

அதே சூறாவளி. அதே விமானம். புயல் வருமுன் எடுத்த அந்த அளவுகளைத் தன் மாதிரியின் தொடக்க நிலையிலேயே அவள் கலந்திருந்தாள். அன்று அவளுக்கு வேண்டியது நல்ல கணிப்பு. அதற்காகக் கையில் இருந்த ஒவ்வோர் அளவையும் பயன்படுத்தியது முற்றிலும் சரியே. போட்டியோ மதிப்பீடோ அப்போது பேச்சிலேயே இல்லை. பின்னால் வந்த குழுவினர் இதை அறியாமல், அதே அளவுகளை அளவுகோலாக வைத்து மூன்று மாதிரிகளையும் நிறுத்திருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் அந்த அளவுகள் கிடைத்திருக்கவில்லை. குமுதாவின் கடல் அளந்த கடலோடு ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தது என்பது விளங்கிவிட்டது. ஏற்கெனவே முகர்ந்த மாலையைப் புதிதென்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாப் புயலுக்கும் முன்னால் விமானம் பறப்பதில்லை. விமானம் பறக்காத ஒரு நாளில் அந்த மாதிரி எப்படி நடந்துகொள்ளும் என்பது யாருக்கும் தெரியாது. அதை நம்பிக் கரையோரத்தில் மக்கள் வீட்டை விட்டுப் போவதா இருப்பதா என்று முடிவு செய்வார்கள். இதை அறிந்திருந்தவள் ஒருத்தி. அவள் இல்லை. அவள் சொல்லக் கேட்டவன் ஒருவன். அவன் மடியில் இப்போது கூடைகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ராஜேஸ்வரி மாலையை வெளியே எடுத்தாள். எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். கூடத்துச் சுவரில் இருந்த குமுதாவின் படத்துக்கு அதைச் சாத்தினாள். "சாமிக்குத்தான் ஆகாது. மதினிக்கு ஆகும்" என்றாள். "நீங்க மோந்ததுன்னா மதினி வேண்டாம்னா சொல்லப் போறாவ?"

சாப்பாட்டுக்குப் பின் சீனியிடம் விஷயத்தைச் சொன்னேன். இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"எங்கக்கா தப்பு செஞ்சிட்டாங்கியளா?"

"இல்லை. அவள் செய்தது சரி. அதை வைத்து மதிப்பெண் போட்டதுதான் சரியில்லை."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேற யாருக்காவது?"

"இல்லை."

"அப்ப விடுங்கத்தான். ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அவ பேருன்னு ஒலகத்துல நிக்கப் போறது அது ஒண்ணுதான். பிள்ளயா குட்டியா அவளுக்கு? யாருக்குத் தெரியப் போவுது?"

நான் அவனைப் பார்க்கவில்லை. ராஜேஸ்வரி தட்டுகளை எடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "காலையில மரத்தடியிலயும் இதத்தான் சொன்னிய."

சீனி எழுந்து தறிப் பக்கம் போய்விட்டான்.

அன்று பிற்பகல் காதர் பாய் பூப்போட்ட உறையை விலக்கிக் கருவியை உயிர்ப்பித்தார். என் தாளில் சில வரிகளே இருந்தன. அந்த விமானத்தின் அளவுகள் குமுதாவின் மாதிரிக்குத் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டவை. அவற்றைக்கொண்டு செய்த ஒப்பீடு செல்லாது. அவை இல்லாமல் அதை மறுபடி ஓட்டி, எந்த மாதிரிக்கும் கொடுக்கப்படாத அளவுகளோடு மூன்றையும் ஒப்பிடுங்கள். முகப்புப் பக்கம் இப்போது வேண்டாம். இதன் ஆங்கிலத்தைக் காதர் பாய் உதடசைத்துப் படித்துக்கொண்டே தாளைக் கருவிக்குள் விட்டார். தாள் மெல்ல நகர்ந்து மறுபக்கம் விழுந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "போயிருச்சு சார்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விரதம்.

நான்காம் நாள் புதிய மாலையுடன் புறப்பட்டோம். "நீங்க டிக்கெட் மட்டும் எடுங்கண்ணே" என்று சொல்லி, ராஜேஸ்வரி கூடையோடு மகளிர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். சீனி வரமாட்டான் என்று எண்ணியிருந்தேன். வண்டி நகரும்போது ஓடிவந்து ஏறினான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கைகூப்பினோம்.

ஆண்டாள் சன்னதியில் பட்டர் மாலையை வாங்கிக்கொண்டு, "என்ன பிரார்த்தனை?" என்று கேட்டார்.

"ஒரு கணக்கு நிற்காமல் ஓடி முடிந்ததற்காக" என்றேன்.

எல்லா வகை வேண்டுதலையும் கேட்டுப் பழகியவர் அவர். "பேஷ். பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

குமுதாவின் நட்சத்திரம் நாக்குவரை வந்தது. இனி அவள் பெயரை இங்கே சொல்லக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் நின்றுவிட்டதைப் பார்த்துச் சீனி முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னான். பிறகு என் பெயரையும் சேர்த்துச் சொன்னான். என் நட்சத்திரம் அவனுக்கு நினைவிருந்தது.

ஆண்டாளின் இடக்கையில் அன்றைக்குச் செய்த இலைக்கிளி உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் அவள் சூடிய மாலை அன்று காலையில் பெருமாளுக்குப் போய்விட்டது என்று ராஜேஸ்வரி கிசுகிசுத்தாள். நாள் தவறாமல் நடப்பது அது. அவளுக்கு மட்டும் செல்லும்.

வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். இலைத்துண்டில் சூடாக விழுந்தது. பால் சுண்டச் சுண்ட அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கும் அந்தத் தோளசைவை நின்று பார்க்கலாம். மயாமியில் பாலையும் சர்க்கரையையும் இவ்வளவு நேரம் ஒன்றாக இருக்க யாரும் அனுமதிப்பதில்லை. கடைக்காரர், "ஊருக்குக் கொண்டு போறதுன்னா கெட்டியாத் தாரேன்" என்றார். யாருக்குக் கொண்டு போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் சீனி பேசினான். முந்தின நாள் எழுந்து போனதற்குப் பிறகு அவன் வாயில் 'அத்தான்' வந்தது அப்போதுதான்: "கெட்டியாவே குடுங்க. அத்தானோட ஆபீஸ்ல குடுப்பாவ."

பதில் வரும்வரை சில நாள் சும்மா இருந்தேன். வத்திராயிருப்புப் பக்கம் சீனியின் நண்பருடைய தோப்பில் இளநீர் குடித்தோம். கோடையில் சுருங்கிக் கிடந்த கண்மாயில் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிப் பார்த்தேன். முழங்காலளவு நீர்தான். மேலும் கீழும் ஒரே சூடு. இதில் எருமை எவ்வளவு புரண்டாலும் குளிராது, கரையேறாது. குமுதா இருந்தால் அமெரிக்க மாணவர்களுக்குச் சொல்ல இன்னோர் உதாரணம் கிடைத்ததென்று கைதட்டியிருப்பாள்.

செய்தி வந்த விதம் ராஜபாளையத்துக்கே உரியது. எனக்கு வந்த தொலைநகல் என்னிடம் வருமுன் தேநீர்க் கடைக்கும், மருந்துக் கடைக்கும், எங்கள் தெருமுனைக்கும் வந்துவிட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு வெளியே வந்தபோது காதர் பாயே தாளோடு வாசலில் நின்றிருந்தார்.

"சார், கோவிச்சுக்கிடாதிய. கண்ணு தானாப் போயிருச்சு. அக்கா ரெண்டாவதாம்."

தாளை வாங்கிப் படித்தேன். நண்பர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான். நீ சொன்னபடி குமுதாவின் மாதிரியை மறுபடி ஓட்டினோம். யாருக்கும் கொடுக்கப்படாத வேறொரு புயலின் அளவுகளை வைத்து மூன்றையும் பார்த்தோம். அவளுடையது இரண்டாவது. முதலாவதை எடுத்துக்கொள்கிறோம். அந்த மாதிரிக்கு அதை எழுதியவர்கள் வைத்த பெயரே இருக்கட்டும். அடியில் கையால் ஒரு வரி: குமுதா இருந்திருந்தால் இதை நாங்கள் கேட்குமுன்பே சொல்லியிருப்பாள்.

சீனி தறிப் பக்கமிருந்து வந்து எட்டிப் பார்த்தான். "எங்கக்கா எதுலயும் ரெண்டாவது வந்ததில்ல" என்றான்.

"மூணு பேர்லயா?" என்றார் காதர் பாய். "ஏலே சீனி, கடலப் பத்தின கணக்கு. கண்மாயத் தவிர வேற தண்ணி பாக்காத ஊரு நம்மூரு. இங்கேருந்து போயி அமெரிக்காக்காரன்கூட நின்னு ரெண்டாவது. பக்கத்துல கடலு இருக்கறவன்லாம் என்ன செஞ்சிட்டான்? தூத்துக்குடிக்காரன் வந்தானா?"

சீனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தான். "தூத்துக்குடிக்காரன் வரலதான்" என்றான். அன்று மாலை அவன் ஸ்கூட்டரில் போனபோது தெருமுனையில் யாரோ கேட்பதும் அவன் பதில் சொல்வதும் காதில் விழுந்தன. "பேரு வைக்கல. ரெண்டாவது வந்துருக்கா. நெசமான ரெண்டாவது."

புறப்படும் நாளன்று பெட்டி கனம் குறைந்திருந்தது. அட்டவணைகளை அங்கேயே விட்டுவிட்டேன். அவற்றின் பின்பக்கம் தறிக் கணக்குப் போட உதவும் என்று சீனி கேட்டுக்கொண்டான். காகிதத்தின் இடத்தில் பால்கோவாவும் சப்பட்டையும் ஏறிக்கொண்டன.

கூடத்துக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். படத்தில் அந்த மாலை இன்னும் இருந்தது. சம்பங்கி பழுப்பேறிச் சுருண்டுவிட்டது. துளசி மட்டும் காய்ந்தும் நிறம் விடாமல் இருந்தது. ராஜேஸ்வரி ஒரு முக்காலியைப் போட்டு அதைக் கழற்றி, வெளியே கொண்டுபோக வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். மாலையை என் இரு கைகளிலும் வைத்தாள்.

"இப்ப மோந்துக்கிடுங்கண்ணே" என்றாள். "இது மதினி சூடுனது."